வளவில் ஆள் வந்தால் அசையும் கொட்டான்கள்: எந்த சென்சார் வாங்குவது?

"தைப் பொங்கலை அடுத்து வரும் செவ்வாய்ப் பொங்கலுக்குக் குடும்பம் மொத்தமும் நாட்டரசன்கோட்டைக்கு வருகிறது. பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டில் பிய்ந்த கொட்டான் (பனை ஓலைக் கூடை), எனாமல் தட்டு, பழைய கண்டாங்கிச் சேலை, எண்ணெய் டின், கோலி சோடா பாட்டில் எல்லாம் குவிந்து கிடக்கின்றன. இவற்றை வைத்து, ஆள் உள்ளே வந்தால் ஒளியும் ஒலியும் எழுகிற மாதிரி மூன்று நாளைக்கு ஒரு ஆர்ட் இன்ஸ்டலேஷன் செய்ய ஆசை. கையில் 15,000 ரூபாய், ஆறு வாரம் இருக்கிறது. எந்த சென்சார் வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சென்சார் பெயரைக் கேட்டிருந்தாலும், உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு என்று படுகிறது. வந்தவர் சும்மா பார்த்துவிட்டுப் போகாமல், 'நான் வந்ததால்தான் இது நடந்தது' என்று உணர வேண்டும். அதற்கு என்ன வழி? அந்த வரிசையில் சென்சார் மூன்றாவதாகத்தான் நிற்கிறது. முதலில் வீடு. அடுத்து அந்தச் சாமான்களின் சொந்தக் குணம். இந்த இரண்டாலும் ஆகாத வேலைக்கு மட்டும் கரண்ட்.

வீட்டிலிருந்து தொடங்குவோம். திண்ணை, முகப்பு (முன்கூடம்), வளவு (வானம் பார்த்த முற்றம்), இரண்டாங்கட்டு (பின்கட்டு) என்று வாசல்கள் ஒரே நேர்கோட்டில் போகும். வாசற்படியில் நின்றால் கொல்லைக் கதவின் வெளிச்சம் வரை தெரியும். தெரு வெயில், முகப்பின் நிழல், திடீரென்று திறக்கும் வளவின் வானம், மறுபடி இருட்டு என்று ஒளி மாறிமாறி வருகிறது. மற்ற ஊர்க்காரர்கள் கறுப்புத் துணி கட்டி உண்டாக்குகிற அனுபவத்தை உங்கள் வீடு கட்டும்போதே கட்டிவிட்டார்கள். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வெயிலிலிருந்து உள்ளே வரும் கண் இருட்டுக்குப் பழக 5 நிமிடமாவது ஆகும். முழுதாகப் பழக 20 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். எனவே மெல்லிய ஒளியில் நடக்கிற வேலைகளை முகப்பில் வைத்தால் யார் கண்ணிலும் படாது. முகப்பில் ஒலி, வளவில் சூரிய ஒளி, வளவுக்கும் இரண்டாங்கட்டுக்கும் நடுவிலுள்ள இருட்டு நடையில் நிழல் விளையாட்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குச் செய்யக் கூடாதவற்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தரையிலுள்ள ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட கல் அல்ல. கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றி, பின்புறம் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. மேலே பீங்கான் பூச்சு எதுவும் கிடையாது. ஆகவே எலுமிச்சை, வினிகர், கழிவறை ஆசிட் பட்டால் கல் அரிக்கும். ஈரத் துருவின் கறை இறங்கினால் போகாது. சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் செலோ டேப் கூட ஒட்டாதீர்கள். எடுக்கும்போது மேல் பூச்சும் சேர்ந்து உரியும். தேக்குத் தூணில் ஆணி அடிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். வீடு எத்தனை புள்ளிக்கு, அதாவது பங்குள்ள குடும்பங்களுக்கு, பொதுவோ அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மின்கசிவைவிடப் பங்காளி கசப்பு ஆபத்தானது.

இனித் தொங்கவிடும் வேலை. தூணுக்குத் தூண் கம்பி இழுப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். கணக்கைப் பாருங்கள். 6 மீட்டர் கம்பியில் 12 கிலோ சாமான் சீராகத் தொங்குகிறது, நடுவில் 30 செ.மீ. தொய்வு விட்டிருக்கிறீர்கள் என்றால், ஒவ்வொரு தூணையும் ஏறத்தாழ 30 கிலோ பக்கவாட்டில் இழுக்கும். பார்க்க நேராக இருக்கட்டும் என்று முறுக்கித் தொய்வை 10 செ.மீ. ஆக்கினால் இழுவிசை 90 கிலோவாகிவிடும். எடை கூடவில்லை, இழுவிசை மட்டும் மூன்று மடங்கு. இதில் ஒரு பையன் தாவித் தொங்கினால் கணக்கு எங்கோ போய்விடும். அந்தத் தூண் அதைத் தாங்குமா, உள்ளே கரையான் புகுந்திருக்கிறதா என்பதெல்லாம் போட்டோவைப் பார்த்துச் சொல்லக்கூடியதல்ல. ஆசாரி ஒருவர் வந்து தட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதனால் தூணைத் தொடாமல், கல்யாணப் பந்தல் போடுகிறவரிடம் சொல்லிச் சவுக்குக் கம்பில் தனியாக ஒரு சட்டம் கட்டிக்கொள்வதே மேல். கால் நடக் குழி தோண்ட முடியாதே என்பீர்கள். எண்ணெய் டின்கள் அதற்குத்தான். 15 கிலோ டின்னின் மேல்மூடியை வெட்டி, நடுவில் கம்பை நிறுத்தி, காய்ந்த மணலை இறுக்கி நிரப்பினால் ஒரு கால் சுமார் 25 கிலோவுக்கு நிற்கும். ஈர மணல் கூடாது, தரையில் துருத் தண்ணீர் இறங்கும். டின்னுக்கு அடியில் இரண்டு மடிப்புச் சாக்கு, அதற்கும் கீழே பழைய டயர் டியூப் துண்டு. வெறும் டின் கால்கள் ஆட்டத்தை நிறுத்தாது. மேலே நான்கு மூலையிலும் குறுக்குக் கம்பு சாய்த்துக் கட்டினால்தான் சட்டம் அசையாமல் நிற்கும். வளவு வானம் பார்த்த இடம் என்பதால் காற்றும் பனியும் நேரே இறங்கும். தை மாதம் ஆடி அளவுக்கு அம்மியைப் பறக்கவிடாது என்றாலும், அகலமான துணியைத் திறந்த பகுதியில் கட்டாதீர்கள், பாய்மரமாகிவிடும்.

தொங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் இணைப்புதான் உயிர். செம்புக் கம்பி வளைக்க எளிது, பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் ஆடுகிற இடத்தில் வைத்தால் வளைந்து நிமிர்ந்து அதே புள்ளியில் கெட்டியாகி, இரண்டாம் நாள் பட்டென்று முறியும். அசையாத கட்டுக்குச் செம்பு, அசையும் இடத்துக்கு வளையமும் நூலும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூண்டில் கடையில் கிடைக்கும் சுழல் கொக்கியை நடுவில் போட்டால் நூல் முறுக்கிக்கொள்ளாது. கடினமான எதுவும் தரையிலிருந்து ஏழடிக்குக் கீழே தொங்கக் கூடாது. கொட்டான், துணி, ஓலை மட்டும் முகத்தில் உரசும் உயரத்துக்கு வரலாம். நடக்கும் பாதை மூன்றடிக்குக் குறையக் கூடாது. வீல் சேரில் வரும் பெரியவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள்.

எதை வைத்துச் செய்வது? எல்லாவற்றையும் வைத்து என்றால் அது பழைய சாமான் கடையாகிவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அதைவிட அழகாகவே அடுக்கியிருக்கிறார்கள். எளிய, அன்றாடப் பொருள்களைக் கொண்டு வேலை செய்த இத்தாலியக் கலைஞர்களை விமர்சகர் ஜெர்மானோ செலான்ட் 1967-இல் 'ஆர்ட்டே போவெரா', அதாவது ஏழைக் கலை, என்று அழைத்தார். அந்த வழியிலும் சரி, அதன் பின் வந்தவற்றிலும் சரி, நிலைத்து நின்றவை பெரும்பாலும் ஒரே பொருளைப் பிடிவாதமாகத் திரும்பத் திரும்ப எடுத்தவை. கானாவில் பிறந்து நைஜீரியாவில் வேலை செய்த எல் அனாட்சுயி மது பாட்டில்களின் அலுமினிய மூடிகளைத் தட்டி மடித்து, செம்புக் கம்பியால் ஆயிரக்கணக்கில் கோத்து, பட்டாடை போல மடிப்பு விழும் சுவர் விரிப்புகளைச் செய்தார். சண்டிகரில் நேக் சந்த் உடைந்த வளையலையும் பீங்கானையும் வைத்து யாருக்கும் தெரியாமல் அமைத்த கற்தோட்டம் 1976-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இரண்டிலும் பொருள் குப்பைதான். ஆனால் திரும்பத் திரும்ப வரும் பொருள், பெரிய எண்ணிக்கை. உங்கள் குவியலை முதலில் வகை பிரித்து எண்ணுங்கள். முப்பதுக்கு மேல் எது இருக்கிறதோ அது முக்கியப் பொருள். மற்றவை துணைக்கு வரலாம், வராமலும் இருக்கலாம். கல்யாணச் சாமான் பரப்பி வைக்கிற வீட்டுக்காரர்களுக்கு, ஒரே பாத்திரம் வரிசையாக நிற்கும்போது கண்ணுக்கு என்ன ஆகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கரண்ட் இல்லாமலே ஆளுக்குப் பதில் சொல்கிற பொருள்களில் முதலாவது தண்ணீர். பளபளப்பான எவர்சில்வர் தாம்பாளத்தில் 2 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் விட்டு வெயிலில் வைத்தால், அலையாடும் ஒளி நடையின் மேற்கூரையில் விழும். மண் சட்டியிலோ கறுத்த உருளியிலோ இதே அளவு வராது. தண்ணீரின் மேற்பரப்பு தன் மேல் விழும் ஒளியில் நூற்றுக்குச் சில பங்கைத்தான் திருப்புகிறது; மீதி வேலை அடியிலுள்ள பளபளப்பினுடையது. ஒரு கோலியைச் சிறு நூல்வலையில் கட்டி, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் தொங்கவிட்டு, அந்த நூலின் மறுமுனையை ஐந்தாறு அடி தள்ளி நிற்பவர் கைக்குக் கொடுங்கள். அவர் சுண்டினால் கூரை முழுக்க அலை ஓடும். தன் விரலுக்கும் தலைக்கு மேலே நடப்பதற்கும் உள்ள தொடர்பைக் குழந்தை கூட உடனே பிடித்துக்கொள்ளும்.

இதில் தவறுவது இடமும் நேரமும். தை மாத நடுப்பகலில் உங்கள் ஊரில் சூரியன் ஏறத்தாழ 59 பாகை உயரத்தில், தெற்கே சாய்ந்து நிற்கும். அந்தக் கோணத்தில் தாம்பாளத்தின் ஒளி வந்த சாய்விலேயே மேலேறி, பெரும்பாலும் முற்றத்தின் திறப்பு வழியாகவே வெளியே போய்விடும். காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் சூரியன் 30 பாகை அளவில் இருப்பதால் ஒளி தாழ்வாகச் சாய்ந்து நடைக்குள் நுழையும். காலையில் தாம்பாளம் முற்றத்தின் மேற்கு ஓரத்தில், பிற்பகலில் கிழக்கு ஓரத்தில் இருக்க வேண்டும். எதிர்க் கூரையின் நிழல் எத்தனை மணிக்கு விலகும் என்பது முற்றத்தின் அகலத்தையும் கூரையின் உயரத்தையும் பொறுத்தது. அதைக் கணக்கில் அடக்குவதைவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தாம்பாளத்தை அரை மணிக்கு ஒரு தரம் நகர்த்திச் சாக்பீஸால் நேரத்தைக் குறித்து வைப்பது சுலபம். திரும்பும் ஒளி குழந்தைகளின் கண்ணில் நேரே படாமல் இருக்க, அது போகிற திசையில் இரண்டு மீட்டருக்குக் கயிறு கட்டித் தடுத்துவிடுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், கொசு. இன்னொன்று, இதை விளையாட்டாக எடுக்காதீர்கள்: தண்ணீர் நிறைந்த உருண்டைப் பாட்டிலும், உட்குழிந்த பளபளப்பான பாத்திரமும் வெயிலை ஒரு புள்ளியில் குவிக்கும். பக்கத்தில் காய்ந்த பனை ஓலை இருந்தால் புகை வரும், தீயும் பற்றலாம். பாட்டில் அலங்காரமெல்லாம் நிழலில் மட்டும்.

இரண்டாவது பொருள் கொட்டான். முழுக் கொட்டான் வேண்டாம், அதைப் பலகாரத்துக்கு வையுங்கள். அடி பிய்ந்தது, பின்னல் இளகியது போதும். உள்ளே ஒரு விளக்கை வைத்து இருட்டு நடையில் தொங்கவிட்டால், பின்னலின் இடைவெளிகள் சுவரெங்கும் புள்ளிக்கோலமாகப் பரவும். கையால் லேசாகத் தள்ளினால் நடையே ஆடுவது போலிருக்கும். இதைச் செய்யப் போய் ஏமாறுபவர்கள் பெரும்பாலும் விளக்கில்தான் ஏமாறுகிறார்கள். விளக்கிலிருந்து பின்னல் 10 செ.மீ., சுவர் 2 மீட்டர் என்றால் எல்லாம் 20 மடங்கு பெரிதாகும், 3 மி.மீ. இடைவெளி 6 செ.மீ. புள்ளியாக விழும். ஆனால் ஒளிரும் பகுதியின் அகலமும் 19 மடங்கு மங்கலாகச் சேர்ந்து விழுகிறது. 5 மி.மீ. அகலமுள்ள விளக்கானால் மங்கல் மட்டுமே 9.5 செ.மீ.; கோலம் அழிந்து வெறும் வெளிச்சம்தான் மிஞ்சும். பால் நிற 9 வாட் பல்பைப் போட்டு 'ஒன்றும் தெரியவில்லையே' என்பதன் காரணம் இதுதான். 1 வாட் சிப் எல்.இ.டி.யின் ஒளிப்புள்ளி ஏறத்தாழ 1 மி.மீ.தான், மங்கல் 2 செ.மீ.க்குள் நிற்கும். பழைய மொபைல் சார்ஜரின் 5 வோல்ட்டில் அதை ஓட்ட, வரிசையில் 6.8 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். கால் ஆம்பியர் அளவில் ஓடும். எல்.இ.டி.யை நெளிந்த அலுமினியத் தட்டுத் துண்டில் திருகி வைத்தால் சூடு பரவிவிடும். ஒரு கொட்டானுக்கு ஒரே ஒரு புள்ளிதான். இரண்டு வைத்தால் இரண்டு கோலம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இரண்டும் கெடும். குண்டு பல்பு, மெழுகுவர்த்தி, அகல் எதுவும் ஓலைக்குள் போகக் கூடாது.

கொட்டான்களை ஏற்றி இறக்கவும் செய்யலாம். பழைய கிணற்றுக் கப்பி இரண்டு, நூல் கயிறு, பத்துக் கொட்டான் கட்டிய ஒரு மூங்கில். இழுத்தால் மேலே போகும், விட்டால் மெல்ல இறங்கும். குழந்தைகள் இழுக்கும் வேகத்தை யாரும் முன்கூட்டிக் கணிக்க முடியாது. அதனால் இழுகயிற்றில், கைப்பிடிக்குச் சற்று மேலே, ஒரு முழம் மெல்லிய பருத்தி நூலை வேண்டுமென்றே இடைச்செருகலாக வையுங்கள். மிஞ்சி இழுத்தால் அறுவது அதுவாக இருக்கட்டும். கப்பியோ சட்டமோ கூடாது. அறுந்தால் மூங்கில் தானாக இறங்கும் என்பதால், அதை ஏழடிக்குக் கீழே வரவிடாத தடைக்கயிறு ஒன்றையும் சட்டத்தில் கட்டிவிடுங்கள். கயிற்றின் நுனியில் வளையம் போடாதீர்கள், கழுத்து மாட்டும். உடைந்த பம்பரத்தையோ மர உருண்டையையோ கட்டிவிடுங்கள்.

ஒலிக்கு எனாமல் தட்டை நம்ப வேண்டாம். தட்டினால் 'டப்' என்று உடனே அடங்கும். துளை போட்டால் எனாமல் செதில் செதிலாகத் தெறித்துத் துருவும் பிடிக்கும். பழைய இரும்புக் கட்டிலின் குழாய்கள்தான் நன்றாகப் பேசும். குழாயை முனையில் கட்டித் தொங்கவிட்டால் சத்தம் செத்துவிடும். அதிரும் குழாயில் அசையாமல் நிற்கும் இடம், முனையிலிருந்து நீளத்தில் 22.4 விழுக்காடு தூரத்தில் இருக்கிறது. 60 செ.மீ. குழாய்க்கு 13.4 செ.மீ.யில் துளையிட்டு நூல் கோத்தால் மணி போல நீண்டு ஒலிக்கும். நீளத்தைப் பாதியாக்கினால் சுருதி இரண்டு மடங்கு ஏறும் என்று நினைத்து வெட்டினால் தப்பாகும். நான்கு மடங்கு ஏறும். ஒரே ஒரு ஸ்தாயி மேலே வேண்டுமானால் 60-ஐ 42.4 செ.மீ. ஆக்குங்கள். முதலில் அரை செ.மீ. நீளமாகவே வெட்டி, பிறகு அரத்தால் ராவிக் கேட்டுக் கேட்டுக் குறையுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. இந்தக் குழாய்களை முகப்பில், வருகிறவர் தோள் படும் ஓலைத் தோரணத்தோடு நூலால் இணைத்துவிட்டால் நுழைவே ஒலியாகிவிடும்.

கண்டாங்கிகளை நடையின் இரு பக்கமும் சுவராகத் தொங்கவிடலாம். பழைய பருத்தி மடிப்பு விழுந்த கோட்டில்தான் முதலில் கிழியும். ஊசி, கிளிப் போட்டு ஒரு புள்ளியில் தொங்கவிடாமல், மேலே நான்கு விரற்கடை மடித்துத் தைத்து அதற்குள் மூங்கிலை நுழையுங்கள். எடை அகலம் முழுக்கப் பரவும். தீ பற்றாமல் இருக்கப் பருத்திக்கு நெடுங்காலமாகப் பழக்கத்திலுள்ள கரைசல் ஒன்று: ஒரு லிட்டர் வெந்நீருக்கு வெண்காரம் 70 கிராம், போரிக் பவுடர் 30 கிராம். கேரம் பலகைக்குத் தூவும் அதே போரிக்தான், மருந்துக்கடையில் கேளுங்கள். துணியை முக்கி, பிழியாமல் நிழலில் காயவையுங்கள். இது தீயைத் தாமதப்படுத்தும், தீயே பற்றாது என்று சொல்ல முடியாது. தண்ணீர் பட்டால் கரைந்தும் போகும். சாயம் இறங்குமா என்பது புடவைக்குப் புடவை மாறும். முந்தானை ஓரத்தில் ஒரு துண்டை நனைத்துக் காயவைத்து, வெளியே கொண்டுபோய்க் கொளுத்தியும் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். அப்பத்தாவின் கல்யாணக் கண்டாங்கி என்று யாராவது பெருமூச்சு விட்டால் அதைப் பெட்டிக்கே திருப்பிவிடுங்கள். கரைசல் வயிற்றுக்குள் போனால் கெடுதல். அடுப்படிப் பாத்திரத்தில் கலக்காதீர்கள்.

இப்போது சென்சார். எல்லோரும் சொல்லும் பி.ஐ.ஆர். சென்சார், ஆளின் உடல் வெப்பத்துக்கும் சுற்றியிருக்கும் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்கிறது. தை மாதக் காலையில் வேலை செய்யும். இதையே சித்திரையில் மறுபடி வைத்தால், நிழலே 37, 38 பாகை இருக்கும்போது ஆளும் சுவரும் அதற்கு ஒன்றுதான். கூடவே, வெயில் பட்டு ஆடும் துணியையும் ஆள் என்று நினைத்துக்கொள்ளும். மேலும், மலிவான பி.ஐ.ஆர். பலகைகள் ஒருமுறை தூண்டப்பட்டால் சில விநாடி பிடித்து வைத்திருந்துதான் விடும். ஒரு செயலுக்கும் அதன் விளைவுக்கும் நடுவில் பத்தில் ஒரு விநாடிக்குள் இருந்தால் 'நான் செய்தேன்' என்று மனம் ஏற்கும். அரை விநாடி தாண்டினால் அது தானாக நடந்தது போலப் படத் தொடங்கும். எனவே உங்கள் வேலைக்கு மிதிபாய்தான் சரி, அதுவும் வீட்டிலேயே செய்யலாம்.

எண்ணெய் டின்னின் பக்கங்களைப் பிரித்தால் சுமார் 35 செ.மீ. அகலம், 90 செ.மீ. நீளமுள்ள தகடு கிடைக்கும். ஓரம் கத்தி போல இருக்கும், ஒரு செ.மீ. மடித்துத் தட்டிவிடுங்கள். இரண்டு தகடுகளையும் சாம்பலும் சீயக்காயும் போட்டு எண்ணெய்ப் பசை போகத் தேயுங்கள். நடுவில் மெத்தைக் கடை ஃபோம் 8 மி.மீ., அதில் 6 செ.மீ. வட்ட ஓட்டைகள், ஓட்டைக்கு ஓட்டை 3 செ.மீ. இடைவெளி. கால் பட்டால் ஃபோம் அமுங்கி ஓட்டை வழியாகத் தகடுகள் தொடும். மேலே கோரைப்பாய். சமையல் அலுமினியத் தாளை வைத்துச் செய்யச் சொல்வார்கள். அதில் ஈயப்பற்று எளிதில் பிடிக்காது, மேலே படியும் ஆக்சைடு தொடர்பையும் கெடுக்கும், மூன்றாம் நாள் கிழியும். டின் தகட்டில் வெள்ளீயப் பூச்சு இருப்பதால் ஒயரைப் பற்றவைத்தால் அப்படியே உட்காரும். பெரியவர் மிதித்தால் வேலை செய்து, குழந்தை மிதித்தால் செய்யாவிட்டால் ஓட்டையைப் பெரிதாக்குங்கள். யாரும் மிதிக்காமலே தொட்டுக்கொண்டால் நடுவில் ஒரு ஃபோம் பட்டை கூட்டுங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான அளவு உங்கள் ஃபோமைப் பொறுத்தது, நாலைந்து முறை பிரித்துக் கட்ட வேண்டிவரும்.

பாயை எதோடு இணைப்பது? டி.எஃப். பிளேயர் மினி என்ற சிறு பலகை மெமரி கார்டிலிருந்து எம்.பி.3 பாடும், 3 வாட் வரை ஸ்பீக்கரை நேரே ஓட்டும். ஆர்டுயினோ புரோகிராம் எழுதத் தெரிய வேண்டாம். கார்டை ஃபேட் 32-இல் ஃபார்மட் செய்து ஒலிக்கோப்பைப் போடுங்கள். பாயின் ஒரு ஒயரைப் பலகையின் கிரவுண்டிலும் மற்றதை ஏ.டி. கீ 1 என்ற காலிலும் (பின்) இணைத்தால், மிதித்ததும் முதல் பாட்டு தொடங்கும். ஐ.ஓ. 2 காலில் இணைத்தால் மிதிக்க மிதிக்க அடுத்தடுத்த ஒலி வரும், கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் அந்தப் பின்னின் இணைப்பு விடாமல் நீடித்தால் ஒலியளவு ஏறும் என்பது அதன் வடிவமைப்பு. பாய் மேல் நின்று யாராவது ஊர்க்கதை பேசினால் வீடு அலறும். ஸ்பீக்கரை ஊறுகாய் ஜாடிக்குள் வைத்தால் குரல் ஜாடியிலிருந்தே வருவது போலிருக்கும், குழந்தைகள் காதை வைத்துக் கேட்பார்கள். ஜாடி தனக்குப் பிடித்த ஒரு தாழ்ந்த சுருதியை மட்டும் பெரிதாக்கிக் குமுறும். பதிவில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்துவிட்டால் சொல் தெளியும். எதைப் பதிவது என்பது உங்கள் விருப்பம். தாலாட்டைவிட, அடுப்படியில் பலகாரப் பக்குவம் சொல்லும் குரல் 20 விநாடி போதும் என்பது என் எண்ணம். நீளமாக இருந்தால் பின்னால் வருகிறவர் காத்து நிற்பார்.

ஊஞ்சல், கதவு போன்றவற்றுக்கு ரீட் சுவிட்சும் (காந்தம் நெருங்கினால் தானே இணையும் சுவிட்ச்), உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தமும் பொருந்தும். அந்தச் சுவிட்சைப் பலகைக்குச் சைகை கொடுக்க மட்டும் வையுங்கள். அதன் வழியாக மோட்டாரையோ நிறைய விளக்குகளையோ நேரே ஓட்டினால் உள்ளிருக்கும் மெல்லிய தகடுகள் ஒட்டிக்கொண்டு பிரியாது.

மின்சாரத்தில் ஒரே விதி, ஆள் தொடும் தூரத்தில் 230 வோல்ட் வரக் கூடாது. எல்லாம் 5 அல்லது 12 வோல்ட் அடாப்டரில். பழைய வீட்டு வயரிங்கில் எர்த் இல்லாமலும் இருக்கும். எலக்ட்ரீசியனை அழைத்து, அடாப்டர்கள் போகும் லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானே கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) ஒன்று போடச் சொல்லுங்கள். இதில் சிக்கனம் பிடிக்க வேண்டாம். 5 வோல்ட்டை நெடுந்தூரம் கொண்டுபோகவும் வேண்டாம். 0.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் 10 மீட்டர் போய் வர முக்கால் ஓம் அளவுக்குத் தடை; 1 ஆம்பியருக்கு முக்கால் வோல்ட் அங்கேயே கரைந்துவிடும், பிளேயர் பாட்டின் நடுவில் நின்று நின்று தொடங்கும். சார்ஜரைக் கொட்டானுக்குப் பக்கத்தில் கொண்டு போவதைவிட, 12 வோல்ட்டைத் தூரம் கொண்டுபோய் அங்கே 5 வோல்ட்டாகக் குறைக்கும் பலகையைப் போடுவது நல்லது.

குவியலில் தொடக் கூடாதவையும் இருக்கும். பழைய டியூப் லைட், சி.எஃப்.எல். உடைந்தால் பாதரசம் வெளிவரும். குண்டு டி.வி.யைத் திறக்காதீர்கள். உப்பிய பேட்டரியைக் குத்தாதீர்கள். பழைய சன்னல் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம். கல்நார் ஓடு வெட்டவே கூடாது.

15,000-இல் பாதி சவுக்குக் கம்பு, கயிறு, பந்தல்காரர் கூலி, எலக்ட்ரீசியன் என்று போய்விடும், அது நியாயம். கால் பங்கு விளக்கும் பலகைகளும். மீதியைத் தொடாமல் வையுங்கள். முதல் நாள் மாலையே தேவைப்படும். ஆறு வாரத்தில் முதல் இரண்டு வாரம் ஒரு தாம்பாளம், ஒரு கொட்டான், ஒரு பாய், அவ்வளவுதான். தெருப் பிள்ளைகள் பத்துப் பேரை, ஒன்றும் சொல்லாமல் உள்ளே விட்டுப் பாருங்கள். என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டியிருந்தால் அந்தப் பகுதியை மாற்றுங்கள். எத்தனை பேர் நூலைப் பிடிப்பார்கள், யார் மிதிப்பார்கள் என்பதை இப்படித்தான் அறிய முடியும். பெரியவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு குழந்தை செய்வதைப் பார்த்துவிட்டுத்தான் கை நீட்டுவார்கள். ஒரே சமயத்தில் உள்ளே எட்டுப் பேருக்கு மேல் விட்டால் யார் எதை அசைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மாற்று நூல், சுழல் கொக்கி, இரண்டு எல்.இ.டி., ஒரு சார்ஜர், இன்சுலேஷன் டேப், கத்தரிக்கோல் எல்லாம் ஒரு தூக்குச்சட்டியில் போட்டு முகப்பிலேயே ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

கழற்றும்போது கயிற்றை அறுக்காமல் அவிழுங்கள், பந்தல்காரருக்கு அது திரும்பப் போக வேண்டியது. கண்டாங்கிகளைப் பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசினால் வெண்காரம் போய்விடும். டின் மணலை வீட்டுக்கு வெளியே கொண்டுபோன பிறகு கவிழுங்கள், ஆத்தங்குடிக் கல்லின் மேல் மணலோடு டின்னை இழுத்தால் கீறல் அப்படியே நிற்கும்.